பாக்கிச் சம்பளமும் ஒரு முழம் மல்லிகையும்

"டீச்சர், வீடு இந்த நிலைமையில் கிடக்கும்போது எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது. இது தப்பா?" என்று கேட்டு முடித்திருக்கிறாய். ஐந்து பக்கக் கடிதம். இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றிவிட்டேன், கவலைப்படாதே.

உனக்கு 17 வயது, ஐந்தாம் படிவம். அப்பா பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் லோரி நிறுவனம் நடத்தினார். மூன்று லோரிகள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் எட்டு மாதம் பணம் தராமல் இழுத்தடிக்க, வங்கித் தவணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. போன வருடக் கடைசியில் குளுகோர் வீடு லேலோங்கில், அதாவது ஏலத்தில், போனது. இப்போது நீங்கள் மூன்று பேரும் பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் பக்கம், பாட்டியின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்கள். பாட்டியோடு உனக்கு ஒரே அறை. விடியுமுன் எழுந்து ஃபெரி பிடித்துப் பினாங்குத் தீவில் இருக்கும் பழைய பள்ளிக்கே போகிறாய். மார்ச்சில் நடக்கவிருந்த நடன அரங்கேற்றம் நின்றுபோனது. தைத்து வந்த பட்டு உடுப்பு இன்னும் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுகளில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் வேலை. அங்கே உனக்கு நார் பிடித்து முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தவன், உன் வயதுக்காரன், மோட்டாரில் மாலை கொண்டுபோய்க் கொடுக்கிறவன், இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் சொன்னான்: "உங்கப்பா கம்பெனியில லோரி ஓட்டினது எங்கப்பாதான்." கடைசி லோரியை வங்கி எடுத்துக்கொண்டு ஐந்து வாரம் ஆகிறது. அன்றோடு அவன் அப்பாவுக்கும் வேலை போயிற்று. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவன் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு முழம் மல்லிகையை உன் பைக்குள் வைத்தான்.

சரி. உன் கேள்விக்குப் பதில்: தப்பில்லை. சாவு வீட்டில்கூடச் சின்னப் பிள்ளைகள் பந்தலுக்கு அடியில் ஓடிப் பிடித்து விளையாடும். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் அப்பாவின் கடனில் ஒரு காசு குறையப் போவதில்லை.

இதைச் சொல்ல இரண்டு வரி போதும். எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் நீ சின்ன எழுத்தில் எழுதி, பாதி அடித்தும் விட்ட ஒரு வரி. "640 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன், அதை அவனிடம் கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதே. அந்தச் சம்பளம் இரண்டு அப்பாக்களுக்கு நடுவில் உள்ள கணக்கு. நீ கொடுப்பது சம்பளமாகவும் ஆகாது, அன்பளிப்பாகவும் ஆகாது. அவன் வாங்கிக்கொண்டால் அன்றிலிருந்து உன்னிடம் கூலி வாங்கியவனாகத் தன்னை நினைப்பான். வாங்க மறுத்தால் உன் குற்ற உணர்ச்சி இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும். நாளைக்கு உங்கள் இருவருக்கும் ஒத்துவராமல் போனாலோ, அந்த 640 வெள்ளி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் இரண்டு நோட்டில் எழுது என்பதுதான் என் பேச்சு. கடன் நோட்டு வேறு, இவன் வேறு.

பணத்தைவிட அவன் வீட்டுக்கு உபயோகமான ஒன்றை நீ கொடுக்க முடியும். அது ஒரு தகவல். நம் மலேசியாவில் 2018 முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் கீழ் வேலைக் காப்புறுதித் திட்டம் ஒன்று நடக்கிறது. இ.ஐ.எஸ் என்பார்கள். வேலை போனவருக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை உதவித்தொகை தருவார்கள். முதல் மாதம் பழைய சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மனு செய்ய வேண்டும். ஐந்து வாரம் போய்விட்டது என்கிறாய். இந்தப் பதிலிலேயே அவசரமான விஷயம் இதுதான், இன்றைக்கே அவனிடம் சொல். முதலாளி ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தால் பணம் வரும். கட்டினாரா என்பதை உன் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

பாக்கிச் சம்பளத்துக்கு அவன் அப்பா தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அது அவர் உரிமை. நான் உன் அப்பாவுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. இலாகாவின் வழியாகப் போகும்போது தொகை எழுத்தில் வரும், தவணை பேசி முடிக்கலாம், இரண்டு பேரும் சந்தைக் கடையில் முகம் பார்க்காமல் ஒதுங்கிப் போக வேண்டிய அவசியம் இருக்காது. எனக்குத் தெரிந்து இந்த மாதிரி விஷயங்களில் உறவை உடைப்பது புகாரைவிடப் பேசாமல் விட்ட பாக்கிதான்.

அப்பாவுக்கு வருவோம். "அப்பா எதுவும் சொல்வதில்லை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வெளித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வங்கியிலிருந்து வந்த உறையை நானே பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்" என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது.

1986ஆம் வருடம். எனக்கு அப்போது 16 வயது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்காக ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பல வருடமாகப் போட்டு வைத்திருந்த 9,000 வெள்ளி ஒரே நாளில் உறைந்தது. அந்த வருடம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 24 வைப்புக் கூட்டுறவுச் சங்கங்களை முடக்கியது, வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்பா சேமிப்புப் புத்தகத்தை ஒரு மைலோ டின்னில் வைத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் டின்னைத் திறப்பார், புத்தகத்தை எடுப்பார், கடைசிப் பக்கத்து எண்ணின்மேல் கட்டை விரலை வைத்துத் தேய்ப்பார், திரும்ப வைத்து மூடுவார். ஒரு வார்த்தை கிடையாது. அந்த டின் மூடுகிற சத்தம் கேட்டால் எனக்கும் தம்பிக்கும் வயிறு கலங்கும். எவ்வளவு போயிற்று, இனி என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் நாங்கள் நினைத்துக்கொண்டது உண்மையைவிடப் பெரிதாக இருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்தும் துரத்திவிடுவார்கள் என்று தம்பி நம்பினான், பாவம், பொம்மைகளை ஒரு சாக்கில் கட்டியே வைத்துவிட்டான். பணம் பல வருடம் கழித்துத் துண்டு துண்டாக வந்தது. அதற்குள் அம்மா முறுக்கு சுட்டு விற்று எங்களைக் கரையேற்றிவிட்டார்.

பின்னாளில் ஆலோசகர் வேலைக்குப் படித்தபோது இதை ஆராய்ச்சிகளில் பார்த்தேன். அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கிய குடும்பங்களின் 167 பிள்ளைகளைப் பல பத்து வருடங்கள் பின்தொடர்ந்த கணக்கைக் கிளென் எல்டர் எழுதினார். பிறகு அயோவாவின் விவசாயக் குடும்பங்களை ராண்ட் காங்கர் ஆராய்ந்தார். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான் தெரிந்தது. பணம் போனது நேராக வந்து பிள்ளைகளைத் தாக்குவதில்லை. அப்பா அம்மாவின் மனச்சோர்வு, சண்டை, எரிச்சல், வாய்மூடல் வழியாகத்தான் அது பிள்ளைகளிடம் வருகிறது. எல்டர் இன்னொன்றும் கவனித்தார். வீட்டு வேலையிலோ வெளி வேலையிலோ ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட பதின்வயதுப் பிள்ளைகள் பிற்பாடு நன்றாகவே நின்றார்கள். நீ மாலை கட்டுவதும் அந்த வகைதான். ஆனால் அதில் அளவு இருக்கிறது, சொல்கிறேன்.

ஆகவே அப்பாவிடம் தொகையைக் கேள். "ஏன் இப்படி ஆச்சு" என்று ஆரம்பிக்காதே, அது வழக்குப் போடுகிற மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தே ஓ கலக்கி வைத்திருக்கும் நேரத்தில், ஒரு தாளும் பேனாவும் கொண்டுபோய் வை. "யார் யாருக்கு எவ்வளவுன்னு எழுதுங்கப்பா, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று மட்டும் சொல். முதல் தடவை எழுதமாட்டார், எழுந்துபோய்விடலாம். தாளை மேசையிலேயே விட்டுவிடு. என் அனுபவத்தில் அது மூன்றாம் நாளுக்குள் நிரம்பிவிடும். அந்தத் தாளில் டிரைவர் அங்களின் சம்பளமும் வரட்டும். அவர் விட்டுவிட்டால் மட்டும் நீ கேட்கலாம், "டிரைவர் அங்களுக்கு சொக்சோ சந்தா கட்டியிருக்கீங்களாப்பா?" என்று. அவனைப் பற்றி அன்றைக்கு எதுவும் சொல்லாதே. ஒரே நாளில் இரண்டு இடி வேண்டாம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அப்பா போக வேண்டிய இடம் ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிலையம். பினாங்கிலும் கிளை உண்டு, கட்டணம் கிடையாது. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றித் தருவார்கள். நம் ஆட்கள் அங்கே போவதற்கு வெட்கப்பட்டே வட்டிக்கு மேல் வட்டி ஏறவிடுவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

நிறுவனம் வேறு, வீடு வேறுதானே, பிறகு ஏன் வீடு போயிற்று என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, பெரியவர்களே கேட்கத் தயங்கும் கேள்வி. செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்றால் சட்டப்படி நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நிற்க வேண்டும். ஆனால் சின்ன நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி, முதலாளியிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும், வீட்டையும் அடமானமாகக் கேட்கும். அந்தக் கையெழுத்தின் வழியாகத்தான் லோரிக் கடன் உங்கள் வீட்டுக்குள் நடந்து வந்தது. லேலோங்கில் வீடு கடனுக்குக் குறைவாகப் போயிருந்தால் மிச்சக் கடன் இன்னும் அப்பா பேரில் நிற்கும். அதையும் தாளில் எழுதச் சொல்.

"அப்பா திவாலானால் நான் அந்தக் கடனைக் கட்ட வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். அப்பாவின் கடன் பிள்ளையின் தலையில் ஏறாது. திவால் என்பது குற்றமும் இல்லை. 2021 முதல் கடன் 1,00,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒருவர்மேல் திவால் வழக்கே போட முடியும். திவாலானால் அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது, புதுக் கடன் எடுப்பது கஷ்டம். சிறைக்குக் கூட்டிப் போவார்கள் என்று பயந்து இரண்டு மாதம் பள்ளிக்கு வராத ஒரு பையனை எனக்குத் தெரியும்.

ஆனால் உனக்கென்று ஒரு அபாயம் இருக்கிறது. அடுத்த வருடம் உனக்கு 18 முடியும். அன்றையிலிருந்து உன் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. அப்பா பேரில் கடன் கிடைக்காத வீடுகளில் அப்போது ஒரு பேச்சு எழும்: "பாப்பா பேர்ல காடி எடுப்போம், தவணைய நாங்க கட்டிடுறோம்." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, கட்ட வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். முடியாமல் போகும்போது, 20 வயதில் உன் பேர் கடன் பதிவில் கறுப்பாகிவிடும். அப்போது நீ மறுத்தால் அப்பாவுக்கு மனசு நோகும். நோகட்டும், கையெழுத்துப் போடாதே. சித்தப்பா, மாமா யார் கேட்டாலும் இதே பதில்தான்.

தெரியாத எண்களிலிருந்து உன் போனுக்கு அழைத்து அப்பாவைக் கேட்கிறார்கள் என்ற ஒரு வரி கடிதத்தில் சும்மா போகிற போக்கில் வருகிறது. அது சும்மா விஷயம் அல்ல. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, அடமானம் இருந்தால் 12தான். மாதத்துக்கே அவ்வளவு கேட்கிறவன் ஆலோங், உரிமம் இல்லாத வட்டிக்காரன். பள்ளிப் பிள்ளையின் எண்வரை அவர்கள் கைக்குப் போயிருக்கிறது என்றால் அப்பா இன்னும் எழுதாத ஒரு கடன் இருக்கிறது. அழைப்பை எடுக்காதே, எண்ணையும் நேரத்தையும் குறித்து வை, அம்மாவிடம் இன்றே சொல். போலீஸ் புகார் கொடுத்தாக வேண்டும். பள்ளி ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை போட்டு வை, யாராவது உன்னைத் தேடி வந்தால் அலுவலகம் உஷாராக இருக்கும்.

இனி அவன்.

"பரிதாபப்பட்டுப் பழகுகிறானோ" என்று உனக்குச் சந்தேகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜனவரியிலேயே உன்னை யாரென்று தெரிந்திருக்கிறது, கேலி பேசவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து உன் பெருவிரலில் சுற்றிக் காட்டினான் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது, பரிதாபத்தில் இல்லை. உண்மையையும் அவனாகவே சொன்னான். ஒளித்து வைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதால் சொன்ன மாதிரி இருக்கிறது. நான் அவனைப் பார்த்ததில்லை, அவனுக்காக வக்காலத்து வாங்கவும் மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பார். அவன் தன் வீட்டுக் கஷ்டத்தையும் உன்னிடம் பேசுகிறானா, இல்லை எப்போதும் உன்னைத் தேற்றிக்கொண்டே இருக்கிறானா? நீ மட்டும் அழுகிறவள், அவன் மட்டும் கண் துடைக்கிறவன் என்று போனால் அது சீக்கிரம் அலுத்துவிடும். அவன் அப்பாவுக்கும் வேலை போயிருக்கிறது, அவனும் உன்னைப்போல ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகிறவன். நீ ஒருநாளாவது "உன் வீட்ல எப்படி இருக்காங்க" என்று கேட்டாயா? ஐந்து பக்கத்தில் அதைக் காணோம். குறை சொல்லவில்லை, சும்மா சுட்டிக்காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கசக்கும். வீடு, தனி அறை, நடனம், பழைய கூட்டாளிகள், பேசுகிற அப்பா என்று இத்தனை ஒரே வருடத்தில் போயிருக்கிறது. அந்த இடம் முழுவதையும் நிரப்ப ஒரு 17 வயதுப் பையனால் முடியாது. முடியும் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டால், அவன் ஒருநாள் போனை எடுக்காவிட்டால்கூட உனக்கு வீடு இரண்டாம் தடவை லேலோங் போன மாதிரி இருக்கும். ஆகவே போனவற்றில் ஒன்றிரண்டை வேறு வழியில் திரும்பப் பிடி. அவன்மேல் விழும் பாரம் தானாகக் குறையும்.

முதலில் கூட்டாளிகள். "வீட்டில் ரினோவேஷன் நடக்கிறது, அதனால் பாட்டி வீட்டில் இருக்கிறோம்" என்று சொல்லி வைத்திருக்கிறாய். ஐந்து மாத ரினோவேஷனா? அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், மரியாதைக்காகக் கேட்காமல் இருப்பார்கள். நானும் இதே வேலையைச் செய்தவள்தான். 1986இல் ஃபெரியின் மேல்தளத்தில் தினமும் என்னோடு வந்த ஒருவனிடம், அடுத்த மாதம் தாமான் வீட்டுக்குக் குடிபோகிறோம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு மாதமும் அந்த வீட்டுக்கு ஒரு புதுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெயின்ட் காயவில்லை, சாவி வரவில்லை, கொம்பனிக்காரன் ஏமாற்றிவிட்டான். கடைசியில் அவனைப் பார்க்காமல் இருக்க ஃபெரி நேரத்தையே மாற்றிக்கொண்டேன். அவனைக் கட்டிக்கொண்டேனா என்று கேட்காதே, இல்லை. ஈப்போவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான். உனக்கு என்னைவிட அதிர்ஷ்டம், உன்னவனுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும். கூட்டாளிகளில் ஒருத்தியிடம் மட்டும் உண்மையைச் சொல். மற்றவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள், கவலை விட்டது.

அடுத்தது நடனம். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் பாதி வரை வந்து நின்றுவிட்டது என்கிறாய். குருவிடம் போய் "கட்டணம் கட்ட முடியவில்லை" என்று நேரே சொன்னாயா, இல்லை வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டாயா? இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. பொறுப்பான நடன ஆசிரியர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்க மூத்த மாணவியை வைத்துக்கொண்டு, அவளிடம் கட்டணம் வாங்குவதில்லை. கேட்டுப் பார். அரங்கேற்றம் என்றால் மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு என்று நம் ஊரில் ஒரு கல்யாணச் செலவு ஆக்கி வைத்திருக்கிறோம், அது வேண்டாம். உடுப்பு உறையிலேயே இருக்கட்டும், பட்டு கெட்டுப் போகாது. நாயகனை நினைத்து ஏங்கும் நாயகியாக இத்தனை நாள் மனப்பாடமாக ஆடினாய், இனி அந்த அபிநயம் கொஞ்சம் நன்றாகவே வரும் என்று நினைக்கிறேன்.

படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர வேலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு ஒரே வார்த்தை: வேண்டாம். தனியார் கல்லூரி ஒன்றுதான் வழி என்று உங்கள் வீட்டில் நினைத்திருந்ததால் எல்லாம் முடிந்த மாதிரித் தெரிகிறது. ஆறாம் படிவம் அரசுப் பள்ளியிலேயே இருக்கிறது, செலவு குறைவு, மூன்று தவணைகளில் எஸ்டிபிஎம் தேர்வு முடியும். எஸ்பிஎம்மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் வாங்கினால் இனம் பார்க்காமல் அரசின் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024இல் அரசு அறிவித்தது. கை வேலையில் நாட்டம் இருந்தால் பெர்மாத்தாங் பாவ்வில் பாலிடெக்னிக் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து தூரம் இல்லை. மேலே போகும்போது பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் உண்டு. அது மட்டும் உன் பேரில், உன் படிப்புக்காக நீ எடுக்கலாம்.

வேலை நேரத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைகளிலும் கூப்பிடுகிறார்கள், இரவு பத்து ஆகிறது என்கிறாய். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இரவு 8 மணிக்கு மேல், காலை 6 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கடைக்கார அக்காவிடம் சண்டை போடச் சொல்லவில்லை. "எட்டு மணிக்கு ஃபெரிக்குப் போகணும்க்கா" என்று சொன்னால் போதும், உன் நிலைமை தெரிந்தவர்தானே. ஆடி மாதத்தில் நிறைய மாலை கேட்பார்கள், அப்போதும் அதேதான். சனி, ஞாயிறில் ஒன்றை எஸ்பிஎம் வரைக்கும் படிப்புக்கு விடு. பாட்டியின் அறையில் டிவி சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றால் செபராங் ஜெயா பொது நூலகம் இருக்கிறது. அவனையும் கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து கணிதம் போடுங்கள். காதலுக்கு இது ரொம்ப உப்புச்சப்பில்லாத யோசனை என்று சிரிப்பாய். சிரி. பூக்கடைக்குப் பின்னால் நின்று பேசுவதைவிட இது வெளிச்சமான இடம், யார் பார்த்தாலும் ஒளிய வேண்டியதில்லை.

வீட்டில் எப்போது சொல்வது? கடன் தாள் நிரம்பி, ஏகேபிகே-க்கு ஒரு தடவை போய்வந்து, அப்பா மறுபடி நாலு வார்த்தை பேச ஆரம்பித்த பிறகு. அதற்குள் எஸ்பிஎம்மும் நெருங்கிவிடும், முடியட்டும் என்று நீயே தள்ளிப்போட்டாலும் சரிதான். அப்பாவுக்கு முதலில் உறைக்கப்போவது மகள் ஒருவனோடு பழகுகிறாள் என்பதல்ல. "என்கிட்ட வேலை செஞ்சவன் மகனா" என்றுதான் வரும். இப்போது அந்த ஆளிடம் கடன்பட்டவர் அவர்தான் என்பது அதைவிடக் குத்தும். அதனால்தான் சம்பளக் கணக்கு முதலில் எழுத்தில் வர வேண்டும் என்கிறேன். ஒரு தவணையாவது போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பேச்சு நடக்கும் விதமே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் அத்தை கோயிலில் "வாழ்ந்து கெட்ட குடும்பம்" என்று யாரிடமோ சொன்னது உன் காதில் விழுந்ததாம். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அத்தைகளுக்குப் பதில் எழுதி நான் ஜெயித்ததே இல்லை. ஆனால் ராத்திரிகளில் அப்பாவைப் பார்த்துப் பயமாக இருந்தால், அவர் ஏதாவது விபரீதமாகப் பேசினால், காலைவரை காத்திருக்காதே. அம்மாவை எழுப்பு. தாலியான் காசே உதவி எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள்.

கடைசிப் பக்கத்தின் பின்புறம் பென்சிலில் ஒன்று கேட்டிருந்தாய். அவன் தரும் மல்லிகையை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாமல் ஒவ்வொரு தடவையும் ஃபெரியிலிருந்து கடலில் போட்டுவிடுகிறாயாம், என்ன செய்வது என்று. முழம் என்ன விலை விற்கிறது என்று உனக்கே தெரியும், பூக்கடையில் வேலை பார்க்கிறவள். கடலில் போடாதே. பாட்டியிடம் கொடு. சாமிப் படத்துக்குப் பாதி, உன் தலைக்குப் பாதி என்று கிள்ளுவார். கிள்ளும்போதே "யார் கொடுத்தா?" என்று கேட்பார். ஒரே அறையில் படுக்கிறவர், உன் முகத்தை ராத்திரியும் பார்க்கிறவர். அவரிடம் சொல்லிவிடு.